தண்ணீர் ஊற்றுகிற வேலை

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டருக்கு இன்று விபூதி, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சுண்டல் எல்லாம் ஆயிற்று. செயலாளர் என்பதால் தேங்காயை நான்தான் உடைக்க வேண்டும் என்றார்கள். முதல் அடியில் தேங்காய் உடையவில்லை. இரண்டாவது அடியில் என் கட்டைவிரல் உடைந்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு வாட்ச்மேன் பேச்சிமுத்து குறுக்கே வந்து பிடுங்கிக்கொண்டார்.

பொத்தானை அழுத்தினேன். இழுத்து, முனகி, ஒரு வழியாகக் கிளம்பியது. கைதட்டல் அடங்குவதற்குள் தரைத்தளத்து எட்வின் சார் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். வளாகத்துத் துணிக்கொடியில் கால்வாசி அவருடைய வெள்ளை பனியன்களுக்குச் சொந்தம்.

"கோமதி சார், பூஜை முடிஞ்சிட்டுல்லா? அமத்துங்க. புகை பூரா என் பனியன்ல ஏறுது."

அமர்த்தினேன்.

எங்கள் தெருவில் கரண்ட் கடைசியாகப் போய் மாதக்கணக்காகிறது. அதனால் இந்த ஜெனரேட்டர், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. அலங்காரம் உண்டு, வேலை கிடையாது. இதைக் கட்டி மேய்க்கும் செயலாளர் பதவியை ஜூன் மாதக் கூட்டத்தில் என் தலையில் கட்டினார்கள். என் மனைவி வடிவு இதை ஒப்புக்கொள்வதில்லை. "நீங்கதான கையத் தூக்குனிய?" என்பாள். ஃபேன் காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்ததை அவள் இப்படித் திரிக்கிறாள்.

அதே ஜூன் மாதம்தான் மூன்றாவது மாடிக்கு, என் வீட்டுக்கு நேர் மேலே, ஆவுடையப்பன் என்பவர் குடிவந்தார். தற்செயல். அவர் என் கூடப்பிறந்த அண்ணன் என்பதும் தற்செயல்.

அக்டோபர் 3, வெள்ளி

ஓடாத எந்திரம் கெட்டுப்போகும். எனவே செயலாளரின் முதல் ஆணை: வெள்ளிதோறும் ஜெனரேட்டர் ஓட்டப்படும். பனியன்களின் நலன் கருதி, இரண்டு நிமிடம் மட்டும்.

ஓட்டிவிட்டு மாடிக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் குக்கர் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறதாம். கண் டி.வி.யில்.

"ஜெனரேட்டர் நல்லா இருக்கு மதினி," என்றேன். மதினி பெயர் உலகம்மாள். அந்த வீட்டில் நான் பேசுவதெல்லாம் மதினியிடம்தான்.

"உக்காருங்க தம்பி, காப்பி போடுதேன்."

"சோலி கிடக்கு மதினி."

கிளம்பிவிட்டேன். அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று ஊரில் சொல்லுகிறார்கள். பச்சைப் பொய். போன பொங்கலுக்கு "வந்தியா?" என்றார். "வந்தேன்," என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று மூன்றாவது அழுத்தலில்தான் கிளம்பியது. அதுவும் கல்யாண வீட்டில் முன்பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு.

"பாட்டரில தண்ணி இல்ல சார்," என்றார் பேச்சிமுத்து.

ஆறு மூடியையும் திருகித் திறந்தோம். தகடுகள் வெளியே தெரிந்தன. கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்றார் அவர். எனக்குக் கோபம் வந்தது. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவன், யாரோ எந்த ஊரிலோ புட்டியில் அடைத்த தண்ணீரைக் கடையில் வாங்கி ஊற்றுவதா? இந்தத் தண்ணீரின் ருசிக்காகவே அல்வா இந்த ஊரை விட்டு வெளியே போனால் சரியாக வரமாட்டேன் என்கிறது. அல்வாவுக்கே ஆகும் தண்ணீர் பாட்டரிக்கு ஆகாதா?

குழாயைத் திறந்தேன். ஆறு குழியிலும் தளும்பத் தளும்பத் தாமிரபரணி.

அக்டோபர் 17, வெள்ளி

கிளம்பியது. வேண்டாவெறுப்பாக.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. எல்லா வீட்டு வாசலிலும் வெடி வெடித்தது, ஜெனரேட்டர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இன்று பாட்டரியைக் கழற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சார்ஜ் போடக் கொண்டுபோனேன். மடியில் வைத்ததால் அதன் கனம் புரிந்தது. பேரன் பேத்திகளையே இவ்வளவு நேரம் வைத்திருந்ததில்லை.

கடைக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன தண்ணி ஊத்துனிய?"

"தாமிரபரணி."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நல்ல தண்ணிதான். குடிக்கதுக்கு," என்றார்.

நெல்லைக்காரன் எவனும் அந்தத் தண்ணீரைக் குறை சொல்லமாட்டான்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளிக்கு வாங்கிய பேண்டைத் துவைத்தார்கள். தொடை இரண்டிலும் இடியாப்பத் தட்டு. ஆசிட் தெறித்தது அன்றைக்குத் தெரியவில்லை, தண்ணீரில் போட்டதும் துணி பொடிந்துவிட்டது. வடிவு அதைக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள். வேண்டுமென்றேதான். எட்வின் சாரின் பனியன்களுக்குப் பக்கத்தில் என் மானம் ஆடுகிறது.

அக்டோபர் 25, சனி

மதினி கீழே வந்தார். ஒரு கையில் அதிரசம், ஒரு கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அவிய குடுக்கச் சொல்லல தம்பி. நானாத்தான் கொண்டுவந்தேன். பெட்டிய நோண்டி எடுத்து மேசையில வச்சிட்டு ரெண்டு நாளா அதையே பாத்துக்கிட்டு இருந்தாக."

துண்டைப் பிரித்தால் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் ரப்பர் குமிழ். உள்ளே பச்சையும் சிவப்பும் கோடு போட்ட குட்டி மிதவை.

"பச்சப் பிள்ளைக்கு மருந்து புகட்டுறதோ?" என்றாள் வடிவு.

மாட்டுக்குக் காய்ச்சல் பார்ப்பது என்பது என் கட்சி. ஷோகேஸில் கன்னியாகுமரிச் சிப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

மாடியில் போய் அந்தக் கண்ணாடிக் குழாய் என்னவென்று கேட்டால் என்ன என்கிறாள் வடிவு. "அவிய பாட்டரியிலயே காலத்த ஓட்டுனவியல்லா?"

உண்மைதான். அண்ணன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாட்டரி ரூமில் வேலை பார்த்தவர். ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசை வரிசையாகப் பாட்டரி நிற்கும். கரண்ட் போனால் ஊரின் போன் எல்லாம் அதில்தான் ஓடும். சின்ன வயதில் ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பிரிவு உபசார விழா. குடும்பத்தின் சார்பில் நன்றியுரை சொல்ல மைக்கை என் கையில் கொடுத்தார்கள். என்னிடம் மைக்கைக் கொடுத்தது யார் குற்றம்? "எங்க அண்ணன் இத்தன வருஷமா என்ன வேலை பாக்காகன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. பாட்டரிக்குத் தண்ணி ஊத்துத வேலையாம். அதுக்குப் போய்ச் சால்வை போத்துதாகளே!" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. பெரிய அதிகாரிக்குச் சிரிப்பில் மிக்சர் புரையேறி இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள்.

அண்ணன் தோளிலிருந்த சால்வையை எடுத்தார். நாலாக மடித்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

நல்ல ஜோக் அது. இப்போதும் சொல்கிறேன். ரசிக்கத் தெரிய வேண்டும்.

வடிவுக்கு என்ன பதில் சொன்னேன் என்றால், சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

சார்ஜ் போட்ட வீரியத்தில் போன வாரம் ஒரே அழுத்தலில் கிளம்பியது. இந்த வாரம் இரண்டு. இரண்டு நிமிடம் ஓட்டி அமர்த்திவிட்டு மாடிக்குப் போனேன். நிலைப்படியிலேயே நின்று சேதி சொன்னேன்.

"வெள்ளிக்கெழம ஆனா போதும் தம்பி, உங்க அண்ணன் கொழாய இழுத்துக்கிட்டு பால்கனிக்கு வந்துருவாக," என்றார் மதினி மெதுவாக. "காதக் குடுத்துக் கேப்பாக. நீங்க அமத்துனதும் தலையில அடிச்சிக்கிடுவாக."

சத்தம் பிடிக்கவில்லை போல. உடம்பு முடியாதவர்களுக்கு அப்படித்தான். இனி ஒன்றரை நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

டக்.

மறுபடி டக்.

அவ்வளவுதான் இன்றைய நிகழ்ச்சி.

நவம்பர் 16, ஞாயிறு

அவசரக் கமிட்டிக் கூட்டம். புது பாட்டரி வாங்க வேண்டும் என்றேன். அதற்குப் பொதுக்குழு கூட வேண்டும், பொதுக்குழு ஜனவரியில்தான் என்றார்கள். எட்வின் சார் எழுந்தார். "கரண்ட்டே போகல. இந்த ஜெனரேட்டர் எதுக்கு? அத வித்துட்டா அந்த இடத்துல ஷட்டில் விளையாடலாம்."

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. "ஒரு ஆளு மூச்சு விடணும் சார்!" என்று கத்திவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எட்வின் சார் உட்கார்ந்துவிட்டார்.

யாரைச் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. பொதுவாகத்தான் சொன்னேன். மனிதன் என்றால் மூச்சு விட வேண்டுமல்லவா?

நவம்பர் 28, வெள்ளி

மறுபடி ஆட்டோ. மறுபடி சார்ஜ். இந்த முறை பழைய லுங்கி. மாட்டி அழுத்தினால் கிளம்பியது. ஒன்றரை நிமிடம் ஓட்டி அமர்த்தினேன். நான் சொல்வதைக் கேட்கும் ஒரே ஜீவன் இந்த வளாகத்தில் அதுதான் என்று நினைத்து, பாட்டரியின் தலையில் தட்டிக்கொடுத்தேன். கையில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியது. ஆயுத பூஜை விபூதி இன்னும் போகவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

ஐந்து அழுத்தல். மழை பிடித்துக்கொண்டது. மாடிக்குப் போகவில்லை. என்னவென்று சொல்ல?

டிசம்பர் 12, வெள்ளி

இன்றைக்குக் கை வலிக்க வலிக்க எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் ஆரம்பித்த மழை. காலையில் கரண்ட் போயிற்று. ஒன்பது மணிக்கு மதினி போன் செய்தார்.

"தம்பி, மெஷின் நின்னுட்டு. சின்ன சிலிண்டர மாட்டியிருக்கேன். மத்தியானம் வரைக்கும்தான் வருமாம். வேற சிலிண்டர் கேட்டா, கடைத் தெருவுல இடுப்பளவு தண்ணி, வண்டி வராதுங்காவ. ஆம்புலன்சும் அதேதான் சொல்லுதாவ."

கீழே ஓடினேன். பொத்தானை அழுத்தினேன். டக். அழுத்தினேன். டக். அழுத்த அழுத்த அந்த டக்கும் தேய்ந்து, கடைசியில் பல்லி கத்துகிற அளவுக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். என்னைப் பார்த்தும் சொல்லிக்கொண்டேன்.

குடையோடு எட்வின் சார் வந்து நின்றார். கொடியில் இன்று பனியன் இல்லை.

"சார், என் கார் பாட்டரி இருக்கு. ரெண்டையும் சேக்குற கேபிளும் டிக்கில கிடக்கு. கொண்டாரேன்."

காரைப் பின்னால் எடுத்து ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு அவர் கையில் சிவப்பு ஒயர், என் கையில் கறுப்பு ஒயர். எதை எங்கே மாட்டுவது? பானிப்பட்டுப் போர் எத்தனை நடந்தது என்று கேட்டால் தேதியோடு சொல்லுவார். இது அவர் பாடத்தில் இல்லை.

"தப்பா மாட்டுனா வெடிக்கும்னு சொல்லுவாங்க சார்," என்றார். இரண்டு பேரும் ஒயரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டோம்.

என் போனில் அண்ணன் நம்பர் 'ஆவுடை மாடி' என்று இருக்கிறது. அதை நான் அழுத்தவில்லை. மழை ஈரம் பட்டுத் தானாக அழுந்திவிட்டது.

"ம்," என்றார் அண்ணன்.

"அண்ணே."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். டக்குங்கு." ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கினார். "கையில என்ன வச்சிருக்க?"

"கேபிள். எட்வின் சார் காரு நிக்கு."

"வாச்சக் கழத்து. மோதிரத்தையும். சிவப்ப முதல்ல நம்ம பாட்டரி பிளஸ்ல மாட்டு. மறுமுனைய கார் பிளஸ்ல. கறுப்பு கார் மைனஸ்ல. கடைசி முனைய நம்ம பாட்டரியில மாட்டிராத. இஞ்சின் இரும்புல, பெயின்ட் இல்லாத எடமாப் பாத்துக் கவ்வ வை. பொறி பறக்கும். அது பாட்டரிப் பக்கத்துல பறக்கப்பிடாது."

மாட்டினோம். பொறி பறந்தது. எட்வின் சார் கர்த்தரைக் கூப்பிட்டார்.

"கார ஓட விடு. உடனே அமுக்காத. பத்து நிமிசம் நில்லு."

பத்து நிமிடம். போனை வைப்பாரென்று நான் நினைத்தேன். நான் வைப்பேனென்று அவர் நினைத்திருக்கலாம். மழைச் சத்தமும் அவர் மூச்சுச் சத்தமும் மட்டும் கேட்டன. கடைசியில் அவர்தான் கேட்டார்.

"என்ன தண்ணிலே ஊத்துன?"

சொன்னேன்.

"கொழாய்லயா?"

"ஆமா."

"ஆறு குழியிலயுமா?"

"தளும்பத் தளும்ப."

"நாசமாப் போச்சு போ. அந்தத் தண்ணில உள்ள உப்பு பூரா தகட்டுல போய் உக்காந்திருக்கும்." ஒரு மூச்சு. "வாராவாரம் ரெண்டு நிமிசம், ரெண்டு நிமிசம்னு ஓட்டி நீதான்டே அதக் கொன்ன. கெளப்புறதுக்கு அது குடுத்ததத் திருப்பி வாங்கவே அரை மணி நேரம் ஓடணும். நீ எழுப்பி விட்டுட்டு ஓடிருத."

"முன்னாலயே சொல்லிருக்கலாம்லா?"

"நீ கேட்டியா?"

அழுத்தச் சொன்னார். அழுத்தினேன்.

டக்.

எட்வின் சார் என் முகத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார். மணி பத்தரை.

"முனையில வெள்ளையா பூத்திருக்கா?" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

பார்த்தேன். பூத்திருந்தது. நான் விபூதி என்று நினைத்த வெள்ளை. இரண்டு முனையையும் உளுந்து மாவு அப்பியது போல மூடியிருந்தது.

"அதான் கரண்ட் ஏறல. கிளிப்ப எல்லாம் கழத்து. வடிவ வெந்நி போடச் சொல்லு. ஆப்பசோடா ஒரு கரண்டி போட்டுக் கலக்கு. மூடி ஆறும் இறுக்கமா இருக்கான்னு பாரு, உள்ள ஒரு சொட்டு போகப்பிடாது. அப்புறம் அந்த முனை மேல..."

நிறுத்திவிட்டார்.

"முனை மேல?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"அண்ணே? முனை மேல என்ன செய்யணும்?"

"தண்ணி ஊத்துலே," என்றார்.

அப்புறம் போனில் ஒரு சத்தம் வந்தது. கர்ர், கர்ர் என்று இழுத்தது. மூச்சு முட்டிவிட்டது என்று நினைத்து, "மதினி! மதினி!" என்று கத்தினேன். பின்னால் மதினியின் குரல் கேட்டது. "சிரிக்காதிய! சிலிண்டர் தீந்துரும், சிரிக்காதியங்கேன்!"

வடிவு கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துச் சருவத்தோடு இறங்கி வந்தாள். ஊற்றினேன். வெள்ளை எல்லாம் நுரைத்துப் பொங்கி வழிந்தது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் வடிவு தேய்த்தாள், ஈய முனை பளபளத்தது. மறுபடி சிவப்பு, சிவப்பு, கறுப்பு, இரும்பு. மறுபடி காத்திருப்பு. அழுத்தினேன்.

கிளம்பியது.

பூஜை போட்டபோது கைதட்டினார்களே, அது கைதட்டலா? இன்று மூன்று மாடி பால்கனியிலும் ஆட்கள் நின்று தட்டினார்கள். எட்வின் சார் கரும்புகைக்குள் நின்று என் கையைக் குலுக்கினார். அவர் போட்டிருந்த பனியன் சாம்பல் நிறமாகிவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மேலே ஓடினேன். மெஷின் பழையபடி குக்கர் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நின்றேன். மதினி துண்டெடுக்கத் திரும்பினார்.

"துண்டு என்னத்துக்கு?" என்றார் அண்ணன், டி.வி. இருந்த திசையைப் பார்த்தபடியே. டி.வி. ஓடவில்லை. "பீரோ மேல்தட்டுல அந்தச் சால்வை கெடக்கும். அத எடு."

பாச்சா உருண்டை வாசனையோடு அது வந்தது. மடிப்புக் குலையவில்லை. நாலாக மடித்தது மடித்தபடி.

"போத்து அவனுக்கு," என்றார். "தண்ணி ஊத்துனவனுக்குத்தான அது?"

வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மதினிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் ஜோக்குக்கு இந்த இரண்டு பேரும் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை. ஏழு வருஷம் யோசித்துச் சொன்னால் யாருக்குத்தான் நல்லதாக வராது?

சால்வை என்னவோ கதகதப்பாகத்தான் இருந்தது. காப்பி குடித்தேன். கரண்ட் சாயங்காலம் வந்தது.

டிசம்பர் 19, வெள்ளி

பழைய பாட்டரியை அண்ணன் பார்வைக்காக மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஷோகேஸிலிருந்த மாட்டுத் தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டேன். அது பாட்டரியின் ஆசிட்டை உறிஞ்சி, உயிர் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதாம். மிதவை தரையோடு படுத்துவிட்டது. "செத்துட்டு. எடுத்துட்டுப் போ," என்றார். பேண்ட்டில் புது ஓட்டை மூன்று.

பொதுக்குழுவை எட்வின் சாரே கூட்டி, புது பாட்டரியும் வாங்க வைத்துவிட்டார். இன்று அதில் முதல் ஓட்டம். முக்கால் மணி நேரம் என்பது அண்ணன் உத்தரவு. அவ்வளவு நேரமும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, தாமிரபரணியில் தொடங்கி, நான் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்துத் திட்டினார். நடு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்தார்.

கீழேயிருந்து எட்வின் சார் கத்தினார். "கோமதி சார்! இன்னும் எவ்வளவு நேரம்? பனியன் காயணும்லா?"

நான் எழப்போனேன். அண்ணன் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, குழாயை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

"ஓடட்டும் சார்," என்றார் கீழே பார்த்து. "எங்களுக்கு ஒரு சோலியும் இல்ல."